பெட்ரோல் டேங்கில் நான் ஊற்றிய ஆயில்

பிரபு, இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. சங்கீதா பக்கத்தில் இருந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள். உன் மாமனார் இருந்தால் பிரிக்கவே பிரிக்காதே. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா' என்கிறாய். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கல்யாணம் முடிந்து நீங்கள் புதுச்சேரிப் பக்கம் போனதிலிருந்து அந்த வீட்டில் யார் யார் என் பேச்சைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் கடையில் கல்லாவில் உட்கார்ந்து, ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். அடுத்த வாரத்திலிருந்து மாமனாரோடு படகில் போகப் போவதாகச் சொன்னாய். அதற்குமுன் அவரைப் பற்றி ஒரு விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் நீ அந்தப் படகில் ஏறினால் எனக்கு இங்கே சோறு இறங்காது.

விஷயத்துக்கு வருவதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்திருப்பாய். அம்மாவுக்கு எதில்தான் சந்தேகம் இல்லை என்று. உண்மைதான். பால்காரர் எதிரில் பாலில் விரலை விட்டுப் பார்ப்பவள் நான். கேஸ் சிலிண்டரை உருட்டிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். உன் அப்பா நேர் எதிர். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள் வாடகை மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்பேனர் கேட்டால், பெயரைக்கூடக் கேட்காமல் டூல் பெட்டியையே தூக்கிக் கொடுப்பார். 'அண்ணாமலையாரைப் பார்க்க வந்தவன் திருடுவானா' என்பார். செங்கம் ரோட்டில் இத்தனை வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நிலைத்திருக்கிறது என்றால் எங்கள் இரண்டு பேரில் ஒருவராவது சந்தேகப்பட்டதால்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

என் சந்தேகத்தால் உனக்குக் கஷ்டம் வந்ததில்லை என்று சொல்லமாட்டேன். நீ ஏழாவது படிக்கும்போது பரீட்சை அன்று காலையில் உடம்பு சுடுகிறது என்றாய். அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு காய்ச்சல் வரவழைக்கிற பிள்ளைகளைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். உன் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். வெங்காய வாடை இல்லை. அப்படியும் நம்பாமல், தலைகாணிக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால், பீரோவுக்கு மேலே எல்லாம் வெங்காயம் தேடினேன். தேடிக் கிடைக்காமல் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் வாத்தியார் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார், மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் அழுதபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அடுத்த தபா வெங்காயத்த கட்டிலுக்குக் கீழயே வெச்சிடறேன்மா, நீ ரொம்பத் தேட வேணாம்'னு சொன்னாய். அதை உன் அப்பா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சங்கீதா விஷயத்தை நீ சொன்னபோதும் நான் மறுப்பு சொல்லவில்லை, விசாரிக்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். சர்வீஸ் சென்டரில் உன்னோடு வேலை பார்க்கும் பெண், பில் போடுகிறாள், அப்பாவுக்குச் சொந்தப் படகு, அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. நாம் மானாவாரியில் மணிலாக் கொட்டை விதைத்துப் பிழைத்த குடும்பம். கடல் என்று நான் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். கடல்காரர்களை எந்தப் பக்கத்திலிருந்து விசாரிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இந்த யோசனையில் நான் இருக்கும்போதுதான், மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்த அவள் அப்பா, பௌர்ணமி அன்று காலையில் ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார். பெண் வீட்டார் கொண்டுவருகிற தட்டில் பழமும் பூவும் இருக்கும். இவர் சாக்கில் சுற்றி ஒரு போட் மோட்டாரைக் கொண்டுவந்திருந்தார். பழம் வாங்க மறந்துவிட்டதாகச் சொன்னார்.

நீ அப்போது அந்த மோட்டாரை மட்டும்தான் பார்த்தாய். நான் ஆளைப் பார்த்தேன். முதலாவது, அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் ஒன்று கேட்டால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, என் காதுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோலப் பார்த்துப் பதில் சொன்னார். முகம் பார்த்துப் பேசாத ஆளை நான் எப்போதும் நம்பியதில்லை. இரண்டாவது, கிரிவலமும் போகத்தான் வந்தேன் என்றார், ஆனால் கடையை விட்டு நகரவில்லை. கூட்டம் ஜாஸ்தி, கால் வலி என்று ஏதோ சொன்னார். மூன்றாவதுதான் பெரிது. அவர் ஊரில் போட் மோட்டார் ரிப்பேர் பார்க்க எத்தனை பேர் இருப்பார்கள். அதை விட்டுவிட்டு, கடலே இல்லாத ஊருக்கு, மலையைச் சுற்றி வருகிற ஜனங்களுக்கு நடுவில், எதற்காக ஒருவர் போட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். திருட்டு மோட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். நீ டீ வாங்கப் போனபோது மோட்டாரில் அடித்திருந்த நம்பரைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

டீ மட்டும் குடித்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பேச்சு முடியாமல் கை நனைப்பது சரியில்லை என்று சொல்லிவிட்டார். அது முறைதான், நம் பக்கமும் சம்பந்தம் உறுதியாகாமல் யாரும் அடுத்த வீட்டில் இலையில் உட்காருவதில்லை. ஆனாலும் மோட்டார் சரியானால்தான் பேச்சு என்கிற மாதிரி அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கிறாரா இவர் என்று உள்ளே போய் உன் அப்பாவிடம் கேட்டேன். வைக்கட்டுமே, அவன் பாஸ் பண்ணுவான் என்றார்.

மோட்டாருக்கு என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. நம் கடைக்கு வருகிற பழைய மொபெட்டுக்கும் மருந்தடிக்கிற மெஷினுக்கும் பெட்ரோலிலேயே ஆயிலை அளந்து கலந்து ஊற்றுகிறோம். அந்த மோட்டாரில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். வேகம் கூட்டினால் பம்ப்பும் கூட ஊற்றும், குறைத்தால் குறைக்கும். வேகத்தையும் பம்ப்பையும் இணைக்கிற சின்னக் கம்பியின் முனையில் இருந்த பிளாஸ்டிக் குமிழ் உடைந்துபோய், யாரோ அதைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். முறுக்கு நழுவி, மோட்டார் வேகமாக ஓடும்போதும் பம்ப் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் இறுகிப் பிடித்து நடுக்கடலில் நின்றிருக்கும். பம்ப்பை அடைத்துவிட்டு நம் மொபெட் மாதிரி பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டிக்கொள்ளலாமே, பாதிப் பேர் அப்படித்தானே ஓட்டுகிறார்கள் என்று நான் கேட்டேன். அவர் சட்டென்று, 'அதெல்லாம் வேணாம் தங்கச்சி, பம்ப்புதான் ஓடணும்'னு சொன்னார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

நீ லேத்துப் பட்டறைக்குப் போய்ப் பித்தளையில் ஒரு குமிழ் கடைந்து வந்தாய். கம்பியை மாட்டி, பம்ப்பில் இருக்கிற கோட்டையும் அதன் சின்னக் கைப்பிடியில் இருக்கிற கோட்டையும் நேராக்கி, ட்யூபில் காற்று போகிற வரை ஆயிலை ஓடவிட்டாய். கடை வாசலில் தண்ணீர் டிரம் வைத்து அதில் மோட்டாரை இறக்கி, முதல் ஓட்டத்துக்கு மட்டும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டினாய். பம்ப் ஏமாற்றினாலும் இஞ்சின் கெடக் கூடாது என்பதற்காக. ட்யூபுக்குள் ஆயில் நகருவதை எனக்குக் காட்டினாய். பிறகு அந்தப் பெட்ரோலை வடித்துவிட்டு வெறும் பெட்ரோல் ஊற்றி வைத்தாய். சாயந்திரம் இதில் ஓட்டிக் காட்டிவிட்டால் முடிந்தது என்று சொல்லிவிட்டு எதற்கோ வெளியே போனாய். நான் அந்த மோட்டாரின் எதிரில் தனியாக நின்றேன்.

ஒரு பித்தளைக் குமிழை நம்பி வெறும் பெட்ரோலா. ட்யூபில் நகர்ந்தது ஆயில்தானா, காற்றா. சாயந்திரம் எல்லோர் எதிரிலும் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் என் பிள்ளை மானம் என்ன ஆவது. பம்ப் வேலை செய்தால் செய்யட்டும், செய்யாவிட்டாலும் தாங்கட்டும் என்று நினைத்து டேங்கில் கொஞ்சம் ஆயில் ஊற்றப் போனேன். அளக்கிற தகர மக்கைத் தேடினால் காணோம். முதல் நாள் மருந்தடிக்கிற மெஷினுக்கு வாஷர் வாங்க வந்த அடி அண்ணாமலை ஊர்க்காரர் ஒருவர்மேல் எனக்கு உடனே சந்தேகம் வந்தது. அவரைத் திட்டிக்கொண்டே பாட்டிலைக் கவிழ்த்துக் குத்துமதிப்பாக ஊற்றினேன். என் குத்துமதிப்பு உனக்குத் தெரியும், பாதிப் பாட்டில் போய்விட்டது.

சாயந்திரம் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். டிரம்மில் மோட்டாரைப் பார்த்து, 'இன்னாபா, கோயில் குளத்துல போட் வுடப் போறாங்களா'ன்னு கேட்டுக்கொண்டே சிலர் நின்றுவிட்டார்கள். நீ கயிற்றை இழுத்தாய். பிடித்தது. கொஞ்ச நேரம்தான், பிறகு கக்க ஆரம்பித்தது பார், அப்படியொரு புகை. நடந்து போகிறவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினார்கள். மோட்டார் இருமி இருமி அடங்கியது. நீ மறுபடி இழுத்தாய், மறுபடி இழுத்தாய், ம்ஹும். உன் காது நுனி சிவந்துவிட்டது. நான் உன் மாமனாரைப் பார்த்தேன். ஒரு மோட்டார் ஓடாததற்கு ஒரு ஆள் அவ்வளவு இடிந்துபோய் நான் பார்த்ததில்லை. எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'வுடு தம்பி, ஏத்திடலாம். மத்தத அப்புறம் பேசிக்கலாம்'னு சொன்னார். மற்றது என்றால் உங்கள் கல்யாணம். நீ ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாய்.

நான்தான் டேங்கில் ஆயில் ஊற்றினேன் என்று அங்கேயே சொன்னேன். வேறு என்ன செய்வது. நீ என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அந்த டிரம்முக்குள் இறங்கியிருக்கலாம். ஆனால் அவர் சிரித்தார். நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி சிரித்தார். நீ பெட்ரோலை வடித்து, ப்ளக்கைத் துடைத்து மாட்டி மறுபடி இழுத்ததும் முதல் இழுப்பில் பிடித்து, புகையே இல்லாமல் ஓடியது. அவர் உள்ளங்கையை மோட்டார் மூடிமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, 'இலைய போடும்மா'ன்னார்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. நீயும் அப்பாவும் மோட்டாரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் பரிமாறினேன். அவர் கை இலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து சோற்றைக் கண்டுபிடித்தது. உப்பைப் பொரியல் என்று நினைத்து எடுத்து, நாக்கில் பட்டதும் சத்தமில்லாமல் விழுங்கினார். எனக்கு உள்ளே ஏதோ தட்டியது. ஒரு அப்பளத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன். செய்யக் கூடாத காரியம்தான், செய்தேன். அவர் அந்த அப்பளத்தை வாங்கவில்லை. குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நான் பேசாமல் நிற்பது உறைத்திருக்க வேண்டும், முகத்தை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பினார். திருப்பியதும் பார்த்துவிட்டார். என் கையையும் அப்பளத்தையும் பார்த்துவிட்டுக் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார்.

கை கழுவுகிற இடத்தில் சொன்னார். கண்ணுக்கு நடுவில் மறைத்துவிட்டதாம், ஓரத்தில்தான் தெரியுமாம். போன பார்வை இனித் திரும்பாது, இருப்பதை அப்படியே நிறுத்தி வைக்கத்தான் பார்க்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடல் தெரியும், கரை தெரியும், எதிரில் வருகிற படகு தெரியும். எதிரில் நிற்கிற ஆள் முகம் தெரியாது, ஆயில் அளக்கிற மக்கில் இருக்கிற கோடு தெரியாது. 'பம்ப்பு ஓடுனா நான் அளக்க வேணாம் தங்கச்சி. எங்க ஊர்ல போய் பம்ப்புதான் வேணும்னு நின்னா ஏன்னு கேப்பான். தெரிஞ்சுதுன்னா ஒருத்தன் என் படகுல ஏற மாட்டான்.' அவ்வளவுதான் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

முகம் பார்த்துப் பேசாத ஆள் என்று காலையில் நினைத்தேனே, அவர் திரும்பிக்கொண்டபோதெல்லாம் என்னைப் பார்ப்பதற்காகத்தான் திரும்பியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டதால் சந்தேகம் போய்விடவில்லை. அது வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. உன்னை அவருக்குப் பிடித்ததா, உன் கண் பிடித்ததா. பெண்ணுக்குப் புருஷன் தேடினாரா, படகுக்கு ஆள் தேடினாரா. சங்கீதாவுக்கு இது தெரியுமா, தெரிந்தேதான் உன்னோடு பழகினாளா. தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள், நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கல்யாணத்தை நிறுத்தாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மனுஷனுடைய பிழைப்பு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். எனக்கு நீதான் பெரிது. அதனால் சொல்கிறேன், படகில் நீ மோட்டார் பக்கத்தில் உட்கார். அவர் சுக்கானைக் கொடுத்தால் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள். கொடுக்காவிட்டால், பழகிக்கொள்கிறேன் மாமா என்று நீயே கேட்டு வாங்கு. உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். மருந்தடிக்கிற மெஷினோடு ஒருவர் வந்துவிட்டார், ஆயில் கலந்து கொடுக்க வேண்டியிருந்தது. இருக்கிற பிளாஸ்டிக் மக் உடைந்துவிட்டது என்று உன் பெஞ்சுக்கு அடியில் வேறு ஏதாவது கிடைக்குமா என்று கையை விட்டேன். பழைய துணிக்குள் சுற்றிக் கிடந்தது, காணாமல்போன என் தகர மக். எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் அரத்தால் ராவியிருக்கிறது, உள்பக்கம் ஈயம் வைத்துக் கோடு கோடாக மேடு கட்டியிருக்கிறது. ஒரு மேடு கோணிக்கொண்டு போயிருந்தது. கோணினதால்தான் இதை விட்டுவிட்டு, நல்லதாக இன்னொன்று செய்து அவருக்குக் கொடுத்திருப்பாய். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விரலை விட்டுத் தடவினேன். ஒன்று, அதற்கு மேல் இரண்டு. கண் இல்லாமலே தெரிகிறது.

அந்த மக் காணாமல்போனது, நான் ஆயில் ஊற்றுவதற்கு முன்னால். அப்படியென்றால் அவர் இலையில் உட்காருவதற்கு முன்பே உனக்குத் தெரியும். சங்கீதாவுக்கும் தெரியும், அவள்தான் சொல்லியிருப்பாள். ரகசியம் காக்கிறேன் என்று நான் தொண்டையில் முள்ளோடு அலைந்துகொண்டிருந்தபோது, தெரிந்தவர்களிடமே தெரியாதவள்போல நடமாடியிருக்கிறேன். வந்த கோபத்துக்கு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டு எழுதத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. அவர் இங்கே வருவதற்கு முன்பே சொல்லியிருந்தால் நான் கல்யாணத்தை நிறுத்தியிருப்பேன். நீ என்னை அறிந்துதான் மூடி வைத்தாய். அது வலிக்கிறது பிரபு, ஆனால் நீ செய்தது சரி.

அடி அண்ணாமலைக்காரர் அடுத்த முறை வரும்போது வாஷரை என் கணக்கில் கொடுத்துவிடுகிறேன், ஏன் என்று அவரிடம் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் எனக்கு நேற்றிலிருந்து சந்தோஷமாக இருக்கிறது. பம்ப்பை நீயே சரி பண்ணி, நீயே ஓட்டிப் பார்த்து, வெறும் பெட்ரோல் போதும் என்று நீயே சொன்னாய். அப்படியும் பம்ப் ஒருநாள் நடுக்கடலில் நின்றுபோனால் அந்த மனுஷன் தடவியாவது அளக்கட்டும் என்று மக்கையும் செய்து வைத்திருக்கிறாய். நீயும் அந்தப் பித்தளைக் குமிழை முழுசாக நம்பவில்லை. அப்பாவின் பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள், இனிமேல் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்ததும் நானும் அப்பாவும் வருகிறோம். சம்பந்தியிடம், நான் அவர் முகத்துக்கு நேராக நிற்கமாட்டேன், பக்கவாட்டில்தான் நிற்பேன் என்று நீ எதுவும் சொல்ல வேண்டாம், நானே பார்த்து நின்றுகொள்கிறேன். படகிலும் ஒருமுறை ஏறுகிறேன். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக என் பையை வாங்கிச் சோதித்துப் பார்த்துவிடு. ஆயில் பாட்டில் இருந்தாலும் இருக்கும்.

அம்மா